வரிசை எண் நூற்று முப்பத்தொன்று

அன்புள்ள பெரியவளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் தம்பியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் எங்களுக்கு எப்போதும் உள்ள நினைப்பு. இந்த வரி வரைக்கும் எழுதுவது எளிது, இதற்கு அப்புறம்தான் நின்றுவிடுகிறது. இது மூன்றாவது கடிதம், முதல் இரண்டையும் கிழித்துவிட்டேன். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மாடிப்படி மட்டும் ஏறக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள், அவள் ஏறுகிறாள். தம்பிக்குப் பகல் ஷிப்ட் கிடைத்துவிட்டது. சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது, வாஷர் மாற்றினேன், இப்போது குளியலறைக் குழாய் சொட்டுகிறது. ஒரு பத்தி எழுதுவதற்குள் நான்கு தடவை எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், குழாயையா வேறு எதையாவதா என்று எனக்கே தெரியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை போனில் பேசியபோது அங்கே மழையா என்று உன்னிடம் மூன்று முறை கேட்டேனாம், அம்மா சொல்கிறாள். கேட்டிருப்பேன். கேட்க வேண்டியது வேறு, அது வாயில் வரவில்லை, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நகராட்சி வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் நான் உதவித்தொகை அறக்கட்டளையில் கோப்புகளைப் பார்த்துக்கொள்ளப் போய்வருவது உனக்குத் தெரியும். மருந்துக்கடைக்கு மேலே ஒரே அறை, இரண்டு இரும்பு அலமாரி, வடக்குப் பக்கம் திறக்காத ஒரு ஜன்னல். அறக்கட்டளைக்கு இது ஐம்பதாவது வருடம் என்பதால், இதுவரை உதவித்தொகை பெற்றுப் படித்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று ஒரு புத்தகம் போடத் தீர்மானித்து, விவரம் சேகரிக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். பெற்றவர்கள் மொத்தம் நூற்றெண்பத்தெட்டுப் பேர். ஏழு கேள்வி உள்ள ஒரு படிவம் தயாரித்தேன். கேள்விகளை நான்தான் எழுதினேன், தலைவர் ஒரு கமாவைக்கூட மாற்றவில்லை, அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. ஒவ்வொருவருக்கும் வரிசை எண் கொடுத்து, முகவரி தேடி, ஒன்றிலிருந்து வரிசையாக அனுப்பிக்கொண்டு வந்தேன். நூற்று முப்பத்தொன்றில் உன் பெயர் வந்தது, வெளிநாட்டு முகவரியோடு. உறைக்குள் ஒரு துண்டுக் காகிதத்தில் இரண்டு வரி தனியாக எழுதி வைக்கலாமா என்று யோசித்தேன், எழுதியும்விட்டேன், பிறகு எல்லோருக்கும் ஒரே முறைதான் இருக்க வேண்டும் என்று தோன்றி அதை எடுத்துவிட்டு, அச்சடித்த படிவத்தை மட்டும் அனுப்பினேன். மேலே 'அன்புடையீர்', கீழே 'இப்படிக்கு, கோப்பாளர்'. அம்மாவிடம் சொன்னபோது அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "பெத்த பொண்ணுக்கு அன்புடையீரா? நல்லா இருக்குங்க உங்க நியாயம்" என்றாள். அப்போது எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

பதில்கள் வரத் தொடங்கின. கண் மருத்துவர் ஒருவர் கோட்டுப் போட்ட புகைப்படத்தோடு நான்கு பக்கம் தட்டச்சு செய்து அனுப்பியிருந்தார். ஒருவர் ஏழு கேள்விக்கும் 'நலம்' என்று ஒரே பதில் எழுதியிருந்தார். கணிதத்துக்கு உதவித்தொகை வாங்கிய ஒருவர், மூன்று இயந்திரங்களோடு சலவை நிலையம் நடத்துவதாகவும், கணக்கு இன்னமும் போடுவதாகவும், கேட்பதற்கு ஆளில்லாததால் அதில் தவறே வருவதில்லை என்றும் எழுதியிருந்தார், அதைப் படித்து நான் தனியாகச் சிரித்தேன். சட்டம் படித்த ஒரு பெண், தற்போதைய பணி என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதி, அதை அடித்துவிட்டு, 'படுக்கையில் இருக்கும் மாமனாரைப் பார்த்துக்கொள்கிறேன், இருபத்துநான்கு மணி நேரமும்' என்று எழுதியிருந்தாள். எனக்கு எல்லாமே விவரம்தான், அதனதன் எண்ணில் வைத்துக்கொண்டு வந்தேன். தலைவர் வாரம் ஒருமுறை வந்து அவற்றை இரண்டு கட்டாகப் பிரிப்பார். அவர் கெட்டவர் இல்லை, வங்கியில் மேலாளராக இருந்தவர், எதையும் பிரித்து வைத்துத்தான் பழக்கம். ஒரு கட்டில் மருத்துவர், பேராசிரியர், அதிகாரி எல்லாம். இன்னொரு கட்டுக்குப் புத்தகத்தின் கடைசியில் 'மற்றும் பலர்' என்று ஒரே வரி. நான் மெதுவாக, சலவை நிலையத்துக்காரர் நன்றாக எழுதியிருக்கிறாரே என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "சார், அம்பது வருஷத்துல என்ன சாதிச்சீங்கன்னு நாலு பேர் கேட்டா, லாண்டரின்னா சொல்றது?" என்றார். வழக்கம்போல வீட்டுக்கு வரும் வழியில்தான் பதில் தோன்றியது.

உன் படிவம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. உறையைக் கத்தியால் பிரித்தேன், பெறப்பட்டது என்ற முத்திரை குத்தினேன், தேதி போட்டேன், கை அதன்பாட்டில் எல்லாம் செய்தது. அதற்கப்புறம்தான் படித்தேன். தற்போதைய பணி: பொது மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் சக்கர நாற்காலி பழுதுபார்ப்பது, பதினொரு மாதமாக. பணியில் செய்த சாதனைகள்: முன்சக்கரத்து அச்சில் சுற்றிக்கொண்ட தலைமுடியை அறுக்காமல் உருவி எடுப்பதில் இந்தக் கட்டடத்தில் எனக்கு இணையில்லை. நான் முதலில் வேறு யாருடைய படிவமோ எண் மாறி வந்துவிட்டது என்று நினைத்து உறையைத் திருப்பிப் பார்த்தேன். ஏழாவது கேள்வி உனக்கு நினைவிருக்கும். உதவித்தொகை பெற்றபோது செய்ய விரும்பிய பணியைத்தான் இப்போது செய்கிறீர்களா, இல்லையெனில் காரணம் கூறுக. அதற்கு நீ எழுதியிருந்தாய்: 'அப்போது நான் என்ன விரும்பினேன் என்பது தங்கள் அலுவலகக் கோப்பில் இருக்கும். பார்த்துவிட்டு எனக்கும் தெரிவிக்கவும்.' அந்த நேரம் பார்த்துத் தலைவர் படியேறி வந்து, "பொண்ணோடது வந்துடுச்சா சார்? பாலம் கட்டுற பொண்ணு, அதை முன்பக்கத்துலயே போட்டுடலாம்" என்றார். இன்னும் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். முத்திரை மை காயாமல் என் முழங்கைக்குக் கீழே இருந்தது. அதைப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நாற்பது வருடத்தில் அலுவலகக் காகிதம் ஒன்றை நான் வீட்டுக்கு எடுத்து வந்தது இதுதான் இரண்டாவது தடவை, முதல் தடவையைப் பிறகு சொல்கிறேன்.

அம்மாவிடம் நீட்டினேன். அவள் படிக்கவே இல்லை, மேலே இருந்த உன் பெயரைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அவளுக்குப் பதினொரு மாதமாகவே தெரியுமாம். தம்பிக்கும் தெரியுமாம். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "சொன்னா கூடத்துல இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பீங்கன்னுதான் சொல்லல. இப்பவும் அதைத்தானே பண்றீங்க" என்றாள். உண்மையில் அப்போது நான் நடந்துகொண்டுதான் இருந்தேன். வாசலில் பேப்பர் போடுகிறவருக்குக்கூடத் தெரியுமா என்று கேட்க நினைத்தேன், தெரியும் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று கேட்கவில்லை. கோபமா என்று அம்மா கேட்டாள். உன்மேல் கோபம் இல்லையம்மா. பாலத்தை விட்டுவிட்டாயே என்று முதல் நாள் மனது கிடந்து அடித்துக்கொண்டது, அதை மறைக்கவில்லை. ஆனால் அதைவிடப் பெரிதாக ஏழாவது பதில் உள்ளே உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுத்தது. நீ அலுவலகத்துக்கு எழுதினாயா எனக்கு எழுதினாயா என்று புரியவில்லை. அலுவலகத்துக்கு என்றால் அது குறும்பு. எனக்கு என்றால் அது குறும்பு இல்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கே போய் அலமாரியைத் திறந்தேன். உன் வருடத்து விண்ணப்பங்கள் இரண்டாவது தட்டில் பச்சை நாடா கட்டி இருக்கின்றன. அதில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும், தெரிந்தும்தான் ஆறு வருடமாக அந்தத் தட்டை மட்டும் தூசி தட்டாமல் விட்டிருந்தேன். பதினோராவது கேள்வி, படிப்பு முடிந்தபின் என்ன பணி செய்ய விரும்புகிறீர்கள். கீழே, 'பாலங்கள் கட்டும் பொறியாளர்.' உன் கையெழுத்து மாதிரியே இருந்தது. மாதிரிதான். எழுதியது நான். இதை உன்னிடம் சொல்லக் கடமைப்பட்டு இத்தனை வருடம் ஆகிவிட்டது. அன்று விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி. நீ பள்ளிக்கூடம் போய்விட்டாய், தபாலில் சேர்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்திருந்தாய். நகராட்சியில் என் மேசையில் வைத்து ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தேன். எல்லாம் நிரப்பியிருந்தாய், அந்த ஒரு இடம் மட்டும் காலி. ஒரு இடம் காலியாக இருந்தாலும் தள்ளுபடி என்று மேலேயே அச்சடித்திருந்தது, விண்ணப்பதாரர் தம் கையாலேயே நிரப்ப வேண்டும் என்றும் அச்சடித்திருந்தது. பள்ளிக்கூடத்துக்கு வந்து உன்னைக் கேட்டிருக்கலாம், பஸ்ஸில் இருபது நிமிடம். மேலதிகாரியிடம் அனுமதி கேட்கப் பயந்தேன். பழைய தாள் ஒன்றில் உன் எழுத்தைப் போல எட்டுப் பத்து முறை எழுதிப் பழகி, பிறகு படிவத்தில் எழுதினேன். பழகிய அந்தத் தாள்தான், நகராட்சி முத்திரை போட்டது, நான் முதல் தடவை வீட்டுக்கு எடுத்து வந்த காகிதம். அடுப்பில் போட்டேன். ஏன் பாலம் என்று எழுதினேன் தெரியுமா, அந்த வாரம் ஆற்றுப் பாலத்து ஒப்பந்தக் கோப்பு என் மேசையில் இருந்தது. அவ்வளவுதான் காரணம். குடிநீர்க் கோப்பு இருந்திருந்தால் நீ குழாய் போடப் போயிருப்பாய். எழுதிய பணிக்கான படிப்புக்கே தொகை தரப்படும் என்று ஒரு விதி இருந்ததை, தபாலில் போட்ட பிறகுதான் படித்தேன். எல்லாவற்றையும் இரண்டு முறை படிக்கிறவன் அன்று ஒருமுறைதான் படித்தேன்.

நேர்காணலுக்கு முன்னால் உன்னிடம் சொல்லிவிட எனக்குப் பத்து நாள் இருந்தது. தினமும் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். அன்றைக்குப் பஸ்ஸில் உன் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தேன், அப்போதும் சொல்லவில்லை. நீ உள்ளே போனாய், நான் வெளியே பெஞ்சில். உன் ஆசை என்ன என்பதை அந்த மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் வாயிலிருந்துதான் நீ முதன்முதலில் கேட்டிருக்கிறாய். பதினேழு வயது உனக்கு. வெளியே வந்து, "பாலத்தைப் பத்திக் கேட்டாங்கப்பா, சொன்னேன்" என்றாய். அவ்வளவுதான். வீடு வந்து சேரும் வரைக்கும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தாய். அன்றும் கேட்கவில்லை, தொகை கிடைத்த அன்றும் கேட்கவில்லை, பட்டம் வாங்கிய அன்றும் கேட்கவில்லை. நீ கேட்காததை நான் மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன். வசதியாக இருந்தது, அதனால் அப்படி எடுத்துக்கொண்டேன். இப்போது நானே அச்சடித்து, நானே ஒட்டி அனுப்பிய கேள்விக்குப் பதிலாக, பதினெட்டு வருடம் கழித்து நீ கேட்டிருக்கிறாய்.

இதற்கு அப்புறம் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. போன சனிக்கிழமை இங்குள்ள பெரிய மருத்துவமனைக்குப் போய், நாற்காலி பழுதுபார்க்கும் இடம் எங்கே என்று மூன்று பேரிடம் விசாரித்துக் கீழ்த்தளத்துக்கு இறங்கினேன். பழைய கட்டில்களை அடுக்கியிருந்த நடையின் கடைசியில் ஒரு அறை. கண்ணாடிக் காம்பை நூலால் கட்டியிருந்த ஒரு மெக்கானிக், சக்கரங்களை மாலை மாதிரி சுவரில் மாட்டி வைத்திருந்தார். "நாற்காலி எங்க சார்?" என்றார். நாற்காலி இல்லை, சும்மா பார்க்க வந்தேன் என்றேன். இதைப் பார்க்க யாரும் வரமாட்டார்களே என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். அப்போதுதான், "என் பொண்ணு இந்த வேலைதான் பாக்குது" என்று சொன்னேன். முதல்முறையாக வெளியே சொன்னது அந்த மனிதரிடம்தான். வெளிநாட்டில் என்றதும், "அங்கேயும் முடி சுத்துமா?" என்று கேட்டார். சுற்றுமாம், அவள் அறுக்காமல் எடுப்பாளாம் என்றேன். அவர் வேலையை நிறுத்திவிட்டு, "அறுக்காமயா?" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு என் முதுகு நிமிர்ந்ததை உன்னிடம் மறைக்கவில்லை. பிறகு என்னை ஒரு நாற்காலியில் உட்காரச் சொன்னார், ஆள் உட்கார்ந்தால்தான் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியுமாம். அந்த நடையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை என்னைத் தள்ளிக்கொண்டே காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு வந்தார். இடது பின்சக்கரம் ஒரு காகிதத்தின் கனம் தாழ்ந்திருந்தது, அதிலேயே உட்கார்ந்து வாழ்கிறவருக்கு அது ஆறு மாதத்தில் இடுப்பில் தெரியும் என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, நான் வெறும் பாரமாகத்தான் உட்கார்ந்திருந்தேன், ஆனால் பாரம் வேண்டித்தான் இருந்தது. கிளம்பும்போது உன் பெருவிரல் எப்படி இருக்கிறது என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. இந்த வேலையில் முதலில் போவது பெருவிரல் மூட்டுத்தானாம், இராத்திரி வெந்நீரில் பத்து நிமிடம் வைக்கச் சொன்னார், ஸ்பேனரைப் பெருவிரலால் அழுத்தாமல் உள்ளங்கையால் தள்ளச் சொன்னார். எழுதி வாங்கி வந்திருக்கிறேன், அப்படியே இதோடு வைக்கிறேன்.

திங்கட்கிழமை தலைவர் வந்ததும் உன் படிவத்தை மேசைமேல் வைத்து, அன்றைக்கே வந்துவிட்டது, பொய் சொல்லிவிட்டேன் என்றேன். அவர் அதைப் பெரிதுபடுத்தவில்லை. படித்துவிட்டு மேசைமேல் வைத்தார். பிறகு ஆதரவாகத்தான் சொன்னார், 'மருத்துவக் கருவிப் பொறியாளர்' என்று போட்டுவிடலாம், பொய்யும் இல்லை, படித்த படிப்பும் வீண்போகாது, முன்பக்கத்திலேயே வந்துவிடும் என்று. பென்சிலையும் என் பக்கம் தள்ளினார். நான் எடுத்துவிட்டேன். உண்மையைச் சொல்வதென்றால் அந்தப் பெயர் எனக்குப் பிடித்தது, உன் சித்தப்பா வீட்டில் அதைச் சொல்லிப் பார்க்கும் காட்சிகூட மனதில் வந்தது. 'ம' என்ற எழுத்தை எழுதியும்விட்டேன். எழுதிய பிறகு அது உன் கையெழுத்து மாதிரி இருக்கிறதா என்று என் கண் தானாகச் சரிபார்த்தது. அந்த இடத்தில் பென்சிலை வைத்துவிட்டேன். "அவ எழுதினதை அவதான் மாத்தணும்" என்றேன். என்ன சொன்னீர்கள் என்று அவர் கேட்டார், என் குரல் எப்போதும் அப்படித்தானே. இரண்டாம் தடவை சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. சொன்னேன். அதோடு நிற்காமல் சலவை நிலையத்துக்காரரையும் மாமனாரைப் பார்த்துக்கொள்ளும் அந்தப் பெண்ணையும் அவர்கள் எழுதியபடியே போட வேண்டும் என்றும் சொல்லிவிட்டேன். தலைவர் முகம் மாறியது. "முதல்ல உங்க பொண்ணு வரிய முடிங்க சார். அதை உள்ளபடி போட உங்களுக்குத் தைரியம் இருந்தா, மத்தவங்க வரியும் உள்ளபடி போகட்டும்" என்றார். அப்படிச் சொல்லிவிட்டு மாறுகிற ஆள் அவர் இல்லை. அதனால் உன் ஒரு வரியில் இப்போது 'மற்றும் பலர்' கட்டில் இருக்கும் நாற்பத்தாறு பேருடைய வரி தொங்குகிறது. இதை உன் தலையில் கட்டுவதாக நினைக்காதே, கட்டியது நான்தான், தெரிகிறது. விண்ணப்பத்தில் எழுதியது யார் என்பதை மட்டும் அவரிடம் இன்னும் சொல்லவில்லை. அது முதலில் உனக்குச் சொல்ல வேண்டியது. இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்த்துவிட்டு அங்கேயிருந்து நேராக அவரிடம் போகிறேன். அலமாரிச் சாவியைத் திருப்பிக் கேட்டால் கொடுத்துவிட வேண்டியதுதான்.

அடுத்த மாதம் இருபதாம் தேதி அச்சுக்குப் போகிறது. உன் வரிசை எண் போட்ட சீட்டு ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன், எண்ணைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. சக்கர நாற்காலி என்று எழுது, கருவிப் பொறியாளர் என்று எழுத விரும்பினால் அப்படி எழுது, தலைமுடியைப் பற்றி எழுது, உன் இஷ்டம். இன்னொன்றும் கேட்க வேண்டும், அதைக் கேட்கத்தான் இத்தனையும். பதினோராவது இடத்தை அன்றைக்கு ஏன் காலியாக விட்டாய்? என்ன எழுதுவதென்று தெரியாமலா, சாயங்காலம் வந்து எழுதலாம் என்றா, இல்லை தெரிந்திருந்தும் அதை என் கையில் கொடுக்க மனமில்லாமலா? கோப்பைப் பார்த்துவிட்டுத் தெரிவிக்கச் சொன்னாய். பார்த்துவிட்டேனம்மா. நீ விரும்பியது அதில் இல்லை. எனக்கும் தெரியாது. உனக்கு இன்னும் நினைவிருந்தால் நீதான் எனக்குத் தெரிவிக்க வேண்டும், நினைவில்லை என்றால் அதையாவது தெரிவிக்க வேண்டும்.

கீழ்த்தளத்தில் நாள் முழுவதும் நிற்கிறாய், தரை சில்லென்று இருக்கும், கனமான அடி உள்ள செருப்பாகப் போட்டுக்கொள். அம்மா ஞாயிற்றுக்கிழமை பேசுவாள், நானும் பக்கத்தில் இருப்பேன், மழையைப் பற்றிக் கேட்கமாட்டேன். கையும் காலும் நோகாமல், செய்கிற வேலை மனதுக்குப் பிடித்து, நீ நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும் என்று இரண்டு பேரும் வாழ்த்துகிறோம். பெருவிரலை மறக்காதே. சீட்டைப் பேனாவில் எழுது. காலியாகவே திருப்பி அனுப்பினாலும் சரி, நூற்று முப்பத்தொன்று என்ற எண்ணுக்கு எதிரே காலியாகவே அச்சாகும். அந்த இடத்தை நான் தொடமாட்டேன்.

இப்படிக்கு,
கோப்பாளராக அல்லாமல்,
உன் அப்பா